ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன்

என்னோடு கிழக்குத் தாம்பரத்தில் வளர்ந்தவர்களே, உங்களுக்கு அந்தக் கோடை நினைவிருக்காது. நினைவு வைத்துக்கொள்ளும்படி ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. வழக்கம்போல் தண்ணீர் லாரி வந்தது, வழக்கம்போல் கரண்ட் போனது. நாமெல்லாம் எட்டாவது எழுதிவிட்டு லீவில் இருந்தோம். நீங்கள் மொட்டை மாடியில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தீர்கள். 'நான் ஜெர்மன் கிளாஸ் போறேன், எனக்கு டைம் இல்ல' என்று நான் அலட்டிக்கொண்டது ஒருவேளை ஞாபகம் இருக்கலாம். இப்போது நம் எல்லோருக்கும் முன்நெற்றியில் நரை எட்டிப் பார்க்கிறது. பேச ஆரம்பித்தால் முட்டி வலியில் தொடங்கி பிள்ளைகளின் டியூஷனில் முடிக்கிறோம். அதற்கு நடுவில் இதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நல்ல கதை இல்லை. அதில் நான் நல்லவளும் இல்லை.

அந்த வருஷம் தை மாதம் என் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. எனக்கும் அவனுக்கும் பதினாலு வயது வித்தியாசம். அப்பா பல்லாவரத்தில் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அண்ணனும் தோல் சம்பந்தமாகவே படித்து, தோலுக்குப் போடும் சாயம் செய்கிற கம்பெனியில் சேர்ந்து ஜெர்மனிக்குப் போய்விட்டான். லீவில் வந்தான், தாலி கட்டினான், இருபத்திரண்டு நாள் அண்ணியோடு இருந்தான், போய்விட்டான். அவளைக் கூடவே கூட்டிப் போக முடியவில்லை. பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவள் ஜெர்மன் மொழியில் அடிப்படைப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்திருக்க வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் வந்த புதிது.

அண்ணிக்கு ஊர் கோவிலம்பாக்கம். அப்பா கிடையாது, அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொடுத்துப் பிழைத்தவர். அண்ணி பிளஸ் டூ, தமிழ் மீடியம். இருபத்தோரு வயது. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் யாரோ சொன்ன ஜோக்குக்கு லேட்டாகச் சிரிக்கிறவள் மாதிரி இருப்பாள். அவளுக்கு ஜெர்மன் வர வேண்டும். வந்தால்தான் புருஷன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே வகுப்பு. வாரத்தில் மூன்று நாள், காலை பத்து மணிக்கு. புதுப்பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று அம்மா யோசித்தாள். யோசித்து, துணைக்கு என்னை அனுப்பினாள். நாத்தனார் கூடப் போனால் ஊரும் ஒன்றும் சொல்லாது, அண்ணியும் வழியில் யாரிடமும் நின்று பேசமாட்டாள். ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் போவோம். பாலத்தில் கொய்யாப்பழம் விற்பவள் மிளகாய்ப்பொடி தடவிக் கொடுப்பாள். அண்ணி எனக்கு மட்டும் வாங்கித் தருவாள், தனக்கு வேண்டாம் என்பாள். நான் ஒரு துண்டுகூடக் கொடுத்ததில்லை.

வகுப்பில் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார் என்றார்கள். உட்கார்ந்தேன். பத்து நாளில் எனக்கு வந்துவிட்டது, அண்ணிக்கு வரவில்லை. இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் கிடையாது. எனக்குப் பதிமூன்று வயது, இங்கிலீஷ் மீடியம், ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு வருகிறவள். அவள் விடிகாலை எழுந்து, தண்ணீர் பிடித்து, நாலு பேருக்கு இட்லி ஊற்றி, பாத்திரம் கழுவிவிட்டு வருகிறவள். ஆனால் வாத்தியார் ஒருநாள் எல்லோர் முன்னாலும், "பின்னாடி இருக்கிற சின்னப் பொண்ணு சொல்லுது, நீங்க சொல்லலையே மேடம்" என்றார். அண்ணி தலை குனிந்துகொண்டாள். எனக்கு அன்று முழுவதும் பசிக்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

வாத்தியார் சொல்லட்டைகள் செய்துகொள்ளச் சொன்னார். அட்டை ஏது? கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு மீந்து கிடந்தது. அதை வெட்டி, அச்சில்லாத பக்கத்தில் எழுதினோம். ஆண்பால் சொல் என்றால் நீலம், பெண்பால் சிவப்பு, இரண்டும் இல்லையென்றால் பச்சை. அந்த மொழியில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. "கத்திக்கு இன்னாடி ஆம்பளை பொம்பளை?" என்று அம்மா கேட்டாள். குழந்தையும் பச்சைதான். அண்ணி ஜெர்மன் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவாள்: டேர் டிஷ், டீ த்யூர், டாஸ் வாஸர். மேஜை, கதவு, தண்ணீர். அட்டையைத் திருப்பினால் மஞ்சள் பூசிய ஓரமும் அவள் பெயரில் பாதியும் இருக்கும். அறுநூற்றுச் சொச்சம் சொற்கள், ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில். அந்த டப்பா பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை, அம்மா கடுகு போட்டு வைத்திருப்பாள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போன் பண்ணுவான். ஹாலில் ஒரு போன், உள் அறையில் அதே லைனில் ஒரு பேரலல்; ஒன்றில் பேசினால் இன்னொன்றிலும் கேட்கும். அம்மாவிடம் கால் மணி, அப்பாவிடம் ஐந்து நிமிஷம், என்னிடம் கொஞ்சம், எல்லாம் தமிழில். அண்ணி வாங்கினால் மட்டும் ஜெர்மன். "பாஸ் பண்ற வரைக்கும் அவகூட தமிழ்ல பேசறதில்லைன்னு வெச்சிருக்கேன். அப்பத்தான் நாக்கு திரும்பும்" என்று அவன் சொல்லியிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. பத்தாவதில் அப்பா அவனை இப்படித்தான் கணக்குப் படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் அன்பு காட்டும் முறையே அதுதான். இரண்டு நிமிஷம் அவன் ஏதோ கேட்பான். அண்ணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "யா... குட்... டாங்கெ" என்பாள். ஆமாம், நல்லது, நன்றி. பிறகு போனை வைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மா அந்த விதிக்கு மேல் இன்னொரு விதி போட்டாள். சனிக்கிழமை ஐம்பது சொல் பரீட்சை. நாற்பது எடுத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை போன். இல்லையென்றால் "அவ படிச்சிகினு கீறா, தொந்தரவு பண்ணாதே" என்று அண்ணனிடம் சொல்லிவிடுவாள். பரீட்சை வைப்பது யார்? வீட்டில் ஜெர்மன் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மார்க் என் கையில். ஒரு பதிமூன்று வயதுப் பெண்ணிடம் இதைக் கொடுக்கலாமா என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு அட்டையைக் காட்டுவேன். அண்ணி தரையில் கீரை ஆய்ந்துகொண்டே சொல்லுவாள். ஒரு சனிக்கிழமை அவள் நாற்பத்தொன்று சொன்னாள். அதற்கு முந்தின நாள் வகுப்பில் தன் பக்கத்தில் உட்காரும் இன்னொரு புதுப்பெண்ணிடம் என்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள் என்று எனக்குச் சந்தேகம். முப்பத்தெட்டு என்று எழுதி அம்மாவிடம் கொடுத்தேன்.

"பாப்பா, நான் எண்ணிக்கினே வந்தேன். நாப்பத்தொண்ணு."

"மூணுக்கு உச்சரிப்பு தப்பு அண்ணி. எக்ஸாம்ல போடமாட்டாங்க."

 அந்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். குழாயில் தண்ணீர் இல்லை, காற்றுதான் வந்தது.

சித்திரை மாதம் அம்மாவுக்குச் சந்தேகம் வந்து கேட்டாள், அண்ணி ஆமாம் என்றாள். மூன்றாவது மாதம். நமக்கெல்லாம் அந்த வயதில் இதெல்லாம் தெரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், நாம் பாதிக்கு மேல் தெரிந்து வைத்திருந்தோம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இப்ப அவன்கிட்ட சொல்லாதே. விசா வேலை கெட்டுப்போவும். எக்ஸாம் முடியட்டும், நானே சொல்றேன்" என்றாள் அம்மா.

தண்ணீர் லாரி தெருமுனையில் நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீடு மாடி. இருபது குடம். அண்ணிதான் தூக்குவாள். ஒருநாள் காலை, "அத்தே, இன்னிக்கு வயிறு ஒரு மாதிரி கீது" என்றாள். அம்மா, "லாரி நாளைக்கு வராதும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை, திட்டவில்லை. எட்டாவது குடமோ ஒன்பதாவதோ, அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டாள். பச்சைக் குடம் உருண்டு கீழ்வீட்டு வாசல் வரை போனது. நான் அதை எடுத்து வரத்தான் ஓடினேன், அவளைப் பார்க்கவில்லை.

அம்மா அவளை ஆட்டோவில் ஏற்றி, தெரிந்த நர்ஸ் ஒருத்தி வைத்திருந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இரண்டு நாள். வயிற்றுவலி என்று எனக்கும் அப்பாவுக்கும் சொன்னார்கள். திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டை அம்மா கிழித்துப் போட்டதைப் பார்த்தேன். அண்ணி பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடறேன் அத்தே."

"சொல்லி? அங்க ஒத்தையா கீற புள்ளை. இன்னா பண்ணுவான்? எனக்கும்தான் பாப்பாவுக்கு முன்னாடி ரெண்டு போச்சு. நான் யார்கிட்ட சொன்னேன்? கம்முனு கட."

கடிதம் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். விலாசமும் போன் நம்பரும் அப்பாவின் டைரியில், டைரி அவர் பீரோவில். வெளிநாட்டுக்குப் போன் பண்ணும் வசதி எங்கள் லைனில் கிடையாது. அண்ணியின் அம்மா ஒருநாள் வந்து பார்த்தார். மகள் காதில் சொன்னதைக் கேட்டு அழுதார். அழுதுவிட்டு, "விசா வர்ற வரைக்கும் வாயைத் தொறக்காதே" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அப்புறம் அண்ணி படிக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு படிப்பை நான் பார்த்ததில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு அட்டை, துணி பிழிந்துகொண்டே முணுமுணுப்பு. அண்ணன் விட்டுப்போன கையகல இங்கிலீஷ்-ஜெர்மன் அகராதி என் புத்தகப் பையில் இருந்தது. அதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

"பாப்பா, தொலைஞ்சு போச்சுன்னா இங்கிலீஷ்ல லாஸ்ட்தானே? அதைப் பாத்துச் சொல்லேன்."

"எதுக்கு? நம்ம லிஸ்ட்ல இல்லையே."

"பர்ஸ் தொலைஞ்சா கேக்கணுமில்ல."

பார்த்துச் சொன்னேன். ஃபெர்லோரன். அன்று மத்தியானமே பிஸ்கட் டப்பாவைக் குடைந்தபோது அடியில் ஓர் அட்டை கிடைத்தது. மூன்று வரிகள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நம் குழந்தையை இழந்துவிட்டேன். உங்கள் அம்மா சொல்லக் கூடாது என்கிறார். தமிழ் எழுத்தில் எழுதிய ஜெர்மன். வீட்டில் என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாதது. நான் புரிந்துகொண்டேன், நன்றாகவே புரிந்துகொண்டேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அம்மாவுக்குத் தெரியாமல் புருஷனிடம் பேச அவளுக்கு அந்த மொழி ஒன்றுதான் இருந்தது. அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அந்த அட்டை விஷயத்தில் அதுவரைக்கும் நான் செய்தது சரிதான்.

அந்தச் சனிக்கிழமை ஐம்பதுக்கு ஐம்பது வாங்கினாள். ஒரு மார்க் குறைக்கப் பார்த்தேன், முடியவில்லை, இடமே கொடுக்கவில்லை.

ஞாயிறு நாலு மணி. அம்மா ஹாலில் சோபாவில். அப்பா பேப்பர். நான் உள் அறையில் பேரலல் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கையில் பென்சில். அண்ணி எப்படிப் பேசுகிறாள் என்று தப்பு எண்ணுவதும் என் வேலைதான். வாசல் வழியாக அவள் முதுகு தெரிந்தது. தலை குளித்திருந்தாள்.

அண்ணன் வழக்கம்போல் எப்படி இருக்கிறாய் என்று ஜெர்மனில் கேட்டான். அவள் மூச்சை இழுத்துவிட்டு மூன்று வாக்கியங்களையும் சொன்னாள். திக்கவில்லை. ஆஸ்பத்திரி. குழந்தை. மூன்றாவதில் 'முட்டர்' என்று வந்தது, அம்மா என்று அர்த்தம். அண்ணன் கொஞ்சுவதற்கு அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அம்மாவுக்கு அந்த மொழியில் தெரிந்த ஒரே சொல் அது. சோபாவில் அம்மா நிமிர்ந்தாள்.

 பிறகு அண்ணன் தமிழில் பேசினான். கல்யாணமாகிக் கூட இருந்த அந்த இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் தமிழ்.

"அம்மாகிட்ட குடு."

அம்மா வாங்கினாள். அவன் கேட்டது உள் அறையில் எனக்கும் அப்படியே கேட்டது. "அம்மா, இன்னாம்மா சொல்றா அவ? ஆஸ்பத்திரிங்கறா, குழந்தைங்கறா..."

அம்மாவுக்கு ஒரு நொடிதான் ஆனது. "ஆஸ்பத்திரியா? ஐயோ, பொஸ்தகத்துல கீறத ஒப்பிச்சிருப்பாப்பா. எக்ஸாம் நேரம், எந்நேரமும் அதேதான். பாப்பா லைன்லதான் கீறா. ஏய் பாப்பா, உங்க அண்ணி இன்னா சொன்னா? சொல்லு உங்க அண்ணனாண்ட."

அப்பா பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நம்பிக்கையோடு பார்த்தாள், அதுதான் இன்னும் கஷ்டம். ஐம்பதுக்கு ஐம்பது போட்டவள் இதையும் சரியாகத்தான் சொல்லுவாள் என்று நினைத்திருப்பாள்.

"லெசன்ல வர்றதுண்ணா. டாக்டர்கிட்ட போற பாடம்" என்றேன்.

அம்மாவுக்குப் பயந்து சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். மீதிப் பாதி, அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள் என்கிற எரிச்சல். என்னிடம் மார்க் கேட்டு நின்றவள், என்னைக் கேட்காமல் ஒரு வாக்கியம் செய்துவிட்டாளே என்று.

அண்ணன் பெரிதாக மூச்சுவிட்டான். சிரித்தான். "பயந்தே போயிட்டேன். ஆனா நல்லா சொல்றா. சேர் குட்னு சொல்லு" என்றான். மிக நன்று. அம்மா போனை வைத்தாள். அண்ணி அடுப்படிக்குப் போய் டீ போட்டாள், எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள்.

ஆனி மாதம் பரீட்சை எழுதி முதல் தடவையே பாஸ். நல்ல மார்க். அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள், எல்லாம் தன் கண்டிப்பால் வந்தது என்றாள். ஆடி கழிந்து அண்ணி விமானம் ஏறினாள். போன முதல் வாரமே அண்ணனிடம் தமிழில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அவன் அம்மாவுக்குப் போன் செய்தான். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "போனதும் போவாததுமா எம்மேல பழி போடறாளே. பாப்பா கேட்டுக்கினுதானே இருந்தா? கொழந்தை பொய் சொல்லுமா?" என்றாள். குழந்தை பொய் சொல்லாது என்று அண்ணன் முடிவு செய்துகொண்டான்.

அதிலிருந்து அவன் வீட்டில் அண்ணியின் சொல்லுக்கு மதிப்பு கிடையாது. அடித்தான், விரட்டினான் என்றெல்லாம் இல்லை. நன்றாகத்தான் வைத்துக்கொண்டான், ஒரு பையனும் பிறந்தான். ஆனால் அவள் எதைச் சொன்னாலும், "இவ கதை கட்டுவா" என்று சிரிப்பான். ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் முன்னாலும் அப்படியே. முதுகு வலிக்கிறது என்றால் கதை. பையனுக்கு ஜுரம் என்றால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அவளும் லேட்டாகச் சிரிப்பாள்.

போன வருஷம் அம்மா இறந்தாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனபின், நானும் அண்ணனும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்து நாற்காலியில் அவன் பையன், அந்தக் கோடையில் நமக்கிருந்த வயதுதான், போனை நோண்டிக்கொண்டிருந்தான். அண்ணி உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"பாத்தியா, அம்மாவுக்கு ஒரு சொட்டு கண்ணீர் விடலை அவ" என்றான் அண்ணன். "இன்னும் அந்தக் கதையைப் புடிச்சிகினு தொங்கறா. உன்னை ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கு போன்ல சொன்னது பாடம்தானே?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

அம்மா இல்லை. நான் பயப்பட வேண்டியவர் யாரும் உலகத்தில் இல்லை. உண்மையைச் சொன்னால் இவ்வளவு வருஷமும் அவன் அவளைப் பார்த்த பார்வையால் இனி என்னைப் பார்ப்பான். அதை மட்டும்தான் யோசித்தேன். அவளை யோசிக்கவில்லை.

"பாடம்தாண்ணா" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று எழுந்து, சாமியானாக்காரன் வந்துவிட்டானா பார்க்கக் கீழே இறங்கிப் போனான்.

அண்ணி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.  மகனைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ சொன்னாள். நிதானமாக, நீளமாக, அந்த ஊர்க்காரி மாதிரி. எனக்கு அந்த மொழி மறந்து எவ்வளவோ காலமாகிறது. ஒரு சொல்கூடப் புரியவில்லை.

பையன் முழுக்கக் கேட்டான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கத்திலிருந்து எழுந்து, அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.